ஏழு அப்ளிகேஷனுக்கு ஒரே அண்டா: டாம்கேட்டில் கனெக்‌ஷன் பூலைப் பகிர்வது எப்படி

ஏழு அப்ளிகேஷன், எல்லாம் டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வருக்குள் ஓடுபவை. ஒவ்வொன்றும் டேட்டாபேஸோடு பேசத் தயாராக, பூல் என்ற தொகுப்பில் தனக்கென்று 20 கனெக்‌ஷன் வைத்துக்கொள்ளும். மொத்தம் 140. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தரத் தயாராக இருப்பதோ 97. இந்தப் பெருக்கல் கணக்கை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே போட்டிருக்க வேண்டும். தேர்வு முடிவு வெளியான ஒரு நாள் காலை பத்து மணிக்குத்தான் போட்டேன்.

97 எங்கிருந்து வந்தது என்றால், போஸ்ட்கிரெஸை நிறுவியதும் அது அனுமதிக்கும் உச்ச எண்ணிக்கை 100. அதில் மூன்றை சூப்பர்யூசர் எனும் நிர்வாகிக்கென்று ஒதுக்கிவைத்துவிடும். மீதிதான் நமக்கு. அன்றைக்கு லாக்கைத் திறந்தால் வரிக்கு வரி ‘சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி’. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கதவைச் சாத்துகிற மரியாதையான டேட்டாபேஸ் அது. கூட்டம் வந்தது ரிசல்ட் பக்கத்துக்கு மட்டும்தான். ஆனால் கட்டண வசூல், ஹாஸ்டல், நூலகம், வருகைப்பதிவு, பஸ் பாஸ், அறிவிப்புப் பலகை எல்லாம் சேர்ந்து படுத்தன.

நான் ஒரு பொறியியல் கல்லூரியின் சர்வர்களை ஏறக்குறைய ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவள். போன வாரம் வேறொரு கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் இதே பிரச்சினையோடு கூப்பிட்டார். ஒன்றரை மணி நேரம் போனில் அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். போனில் சொன்னது என்பதால் செட்டிங் பெயர்கள் உச்சரிப்பாகவே இருக்கும். டாம்கேட் ஃபைலில் அவற்றை ஆங்கிலத்தில், சொற்களை இடைவெளி இல்லாமல் ஒட்டி எழுத வேண்டும். முதல் சொல் சிறிய எழுத்தில் தொடங்கும், அடுத்தடுத்த சொற்கள் பெரிய எழுத்தில். டேகுகளின் பெயர் மட்டும் முதலெழுத்தே பெரியது. இதில் ஒரு எழுத்து தப்பினாலும் டாம்கேட் உங்களைத் திட்டாது, சும்மா கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதுதான் மோசம்.

இன்னொன்று. ‘ஆப்’ என்று சுருக்கி எழுதலாம்தான். ஆனால் வேற்றுமை உருபு சேர்ந்ததும் அது ‘ஆப்பு’ ஆகிவிடுகிறது. அன்றைக்கு எனக்கு வைக்கப்பட்டதும் அதுவே என்பதால், கட்டுரை முழுக்க அப்ளிகேஷன் என்றே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பு

100 போதவில்லை என்றால் 300 ஆக்கிவிடலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் எண்ணை மாற்றி போஸ்ட்கிரெஸை ரீஸ்டார்ட் செய்தேன். அரை மணி நேரம் நன்றாக ஓடியது. அப்புறம் சர்வர் முழுவதும் தவழ ஆரம்பித்தது.

காரணம் இதுதான். போஸ்ட்கிரெஸில் ஒரு கனெக்‌ஷன் என்பது தனி பிராசஸ், அதாவது தனியாக ஓடும் ஒரு நிரல். ஒவ்வொன்றும் தனக்கென்று நினைவகம் எடுக்கும். வரிசைப்படுத்துவது, ஹாஷ் போடுவது போன்ற ஒவ்வொரு வேலைக்கும் ‘வொர்க் மெம்’ அளவு வரை தனியாக எடுக்கும். அதன் இயல்பு அளவு 4 எம்பி, ஒரே குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வியில்) அது பல மடங்காகலாம். எட்டு கோர் உள்ள இயந்திரத்தில் 200 பிராசஸ் ஒரே நேரத்தில் வேலை கேட்டால், வேலை செய்வதைவிட வரிசை மாற்றிக்கொள்வதிலேயே நேரம் போகும். ஆக, பிரச்சினை கனெக்‌ஷன் குறைவு என்பதல்ல. யாரும் பயன்படுத்தாத கனெக்‌ஷனை ஏழு பேரும் தனித்தனியாகப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் பாஸ் அப்ளிகேஷனுக்கு ஜூன் மாதம் தவிர மற்ற நாளில் இரண்டு கனெக்‌ஷனே அதிகம்.

என் அம்மா ஊரில் அம்மன் கோவிலை ஒட்டிய அறையில் ஊர்ப் பொதுப் பாத்திரங்கள் இருக்கும். அண்டா, தவலை, கரண்டி, ஜமுக்காளம் எல்லாம். கல்யாணமோ காதுகுத்தோ, யார் வீட்டில் விசேஷமோ அவர்கள் நோட்டில் எழுதிவிட்டு எடுத்துப்போவார்கள். முடிந்ததும் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வீடு அண்டா வாங்கி அடுக்கினால் வீட்டில் படுக்க இடம் இருக்காது. பகிர்ந்த பூலும் இப்படித்தான் வேலை செய்கிறது. இதில் வருகிற சண்டைகளும் அந்தப் பாத்திர அறையில் வருகிற சண்டைகளேதான்: எடுத்தவர் திருப்பித் தரவில்லை, கழுவாமல் தந்தார், ஒரே ஆள் எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்.

உங்களுக்கு இது பொருந்துமா

இரண்டு நிபந்தனை இருக்கிறது. ஒன்று, அப்ளிகேஷன்கள் எல்லாம் ஒரே டாம்கேட் பிராசஸுக்குள் ஓட வேண்டும். பூல் என்பது அந்த ஜாவா பிராசஸின் நினைவகத்தில் இருக்கும் ஒரு பொருள். பக்கத்து பிராசஸால் அதைத் தொட முடியாது. ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் எழுதிய அப்ளிகேஷனைத் தனி ஜாராக (ஜாவா நிரலைக் கட்டிவைக்கும் ஃபைல்), அதற்குள்ளேயே ஒரு டாம்கேட்டை வைத்து ஓட்டுகிறீர்கள் என்றால் இந்த வழி உதவாது. அதற்கான வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது, போஸ்ட்கிரெஸ் என்றால் எல்லா அப்ளிகேஷனும் ஒரே டேட்டாபேஸில் இருக்க வேண்டும். ஸ்கீமா, அதாவது டேட்டாபேஸுக்குள் டேபிள்களைப் பிரித்து வைக்கும் பகுதி, வேறுவேறாக இருக்கலாம். போஸ்ட்கிரெஸில் ஒரு கனெக்‌ஷன் திறந்தபின் வேறு டேட்டாபேஸுக்குத் தாவ முடியாது. எங்களுடையது ஒரே டேட்டாபேஸ், உள்ளே ஏழு ஸ்கீமா. அது திட்டமிட்டுச் செய்ததல்ல, பேக்கப் எடுக்கச் சோம்பல்பட்ட யாரோ ஒருவரின் புண்ணியம்.

எதையும் மாற்றும் முன் எண்ணிப் பாருங்கள். போஸ்ட்கிரெஸில் ‘பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி’ என்றொரு வியூ (டேபிள் போலப் படிக்கலாம்) இருக்கிறது, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு. அதில் பயனர் பெயர் வாரியாக, நிலை வாரியாக எண்ணிக்கை எடுங்கள். பத்தாம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸின் சொந்த வேலையாட்களும் இந்தப் பட்டியலில் வருவார்கள். அதனால் ‘பேக்எண்ட் டைப்’ என்ற நெடுவரிசையில் ‘கிளையன்ட் பேக்எண்ட்’ என்று இருப்பவற்றை மட்டும் எண்ண வேண்டும். நிலை ‘ஆக்டிவ்’ என்றால் வேலை நடக்கிறது. ‘ஐடில்’ என்றால் சும்மா இருக்கிறது. ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ என்றால் யாரோ டிரான்சாக்‌ஷனைத் (சேர்ந்தே முடியவோ ரத்தாகவோ வேண்டிய வேலைத் தொகுப்பு) திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள் என்று பொருள். எங்கள் கல்லூரியில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மதியம் பார்த்தபோது 84 கனெக்‌ஷன், அதில் ஆக்டிவ் மூன்று. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டினேன். பகிர்வது என்று முடிவெடுக்க வேறு காரணம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

வேலை

முதலில் டிரைவர். ஜாவாவை போஸ்ட்கிரெஸோடு பேசவைக்கும் ஜேடிபிசி டிரைவர் ஜாரை டாம்கேட்டின் ‘லிப்’ ஃபோல்டரில் வைக்க வேண்டும். பூலை உருவாக்கப்போவது டாம்கேட். அதற்கு உங்கள் அப்ளிகேஷனின் ‘வெப்-இன்ஃப்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ஜார் தெரியாது. வைத்தபின் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்குள்ளும் இருக்கும் அதே டிரைவரை எடுத்துவிடுங்கள். அப்ளிகேஷனைக் கட்ட மேவன் பயன்படுத்தினால் அந்த டிபெண்டன்சியின் ஸ்கோப்பை ‘புரொவைடட்’ என்று மாற்றினால் போதும். இரண்டு இடத்திலும் விட்டுவைத்தால் பெரும்பாலும் ஓடும். ஆனால் போஸ்ட்கிரெஸுக்கே உரிய வசதி எதையாவது கேட்டு கனெக்‌ஷனை அதன் உறையிலிருந்து உரித்து எடுக்கும்போது, பெயர் ஒன்றாக இருந்தும் இரண்டும் வேறுவேறு கிளாஸ் என்று ஜாவா அடம்பிடிக்கும்.

அடுத்தது பூல். டாம்கேட்டின் ‘கான்ஃப்’ ஃபோல்டரில் ‘சர்வர்’ என்ற எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கிறது. அதற்குள் ‘குளோபல் நேமிங் ரிசோர்சஸ்’ என்ற பகுதி ஏற்கெனவே இருக்கும், யூசர் டேட்டாபேஸ் என்று ஒன்று அதில் உட்கார்ந்திருக்கும். அதன் கீழே ‘ரிசோர்ஸ்’ என்ற டேகைச் சேர்த்து இவற்றை எழுதுங்கள். ‘நேம்’ என்பது பூலின் பெயர், எங்களுடையது ‘ஜேடிபிசி’ சாய்கோடு ‘பொது’. ‘ஆத்’ என்பதற்கு ‘கண்டெய்னர்’. ‘டைப்’ என்பதற்கு ‘ஜாவாஎக்ஸ்’ புள்ளி ‘எஸ்க்யூஎல்’ புள்ளி ‘டேட்டாசோர்ஸ்’. அப்புறம் டிரைவர் கிளாஸ் பெயர், யூஆர்எல், யூசர்நேம், பாஸ்வேர்ட்.

அந்த ‘டைப்’ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டாம்கேட் 10-க்கு மாறும்போது சர்வ்லெட் பெயர்கள் எல்லாம் ஜாவாஎக்ஸிலிருந்து ஜகார்த்தாவுக்குப் போய்விட்டன. அந்த உற்சாகத்தில் ஃபைல் முழுக்கக் கண்டுபிடித்து மாற்று போட்டுவிடாதீர்கள். டேட்டாசோர்ஸ் ஜாவாவோடு சேர்ந்தே வருவது, அது இன்னும் ஜாவாஎக்ஸ்தான்.

பாஸ்வேர்ட் இந்த ஃபைலில் அப்படியே கண்ணுக்குத் தெரியும். டாம்கேட் ஓடும் பயனர் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி ஃபைல் அனுமதியை மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் ஒரு இணைப்பு. ‘ரிசோர்ஸ் லிங்க்’ என்ற டேக். இதற்கு மூன்றே மூன்று விவரம் போதும்: ‘நேம்’ என்பது அந்த அப்ளிகேஷன் தன் கோடில் எந்தப் பெயரில் தேடுமோ அது, ‘குளோபல்’ என்பது நீங்கள் சர்வர் ஃபைலில் வைத்த பெயர், ‘டைப்’ மேலே சொன்ன அதே டேட்டாசோர்ஸ். நேமும் குளோபலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இது பெரிய வசதி. எங்கள் நூலக அப்ளிகேஷனை எழுதியவர் போய்ப் பல வருடமாகிறது. அவர் கோடில் வைத்த பெயரைத் தொடாமலே பொதுப் பூலுக்குத் திருப்பிவிட்டேன்.

இதை எங்கே எழுதுவது என்பதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். கான்ஃப் ஃபோல்டரிலேயே ‘கான்டெக்ஸ்ட்’ என்ற எக்ஸ்எம்எல் ஒன்று இருக்கிறது. எல்லா அப்ளிகேஷனுக்கும் பொதுவான ஃபைல் என்று அதைச் சொல்வார்கள். பொதுதானே என்று அதில் ரிசோர்ஸ் டேகை எழுதினால் பூல் பகிரப்படாது. அந்த வரைவு ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் நகல் எடுக்கப்பட்டு, ஆளுக்கொரு தனிப் பூல் உருவாகும். ஏழு அண்டா மறுபடி வந்துவிடும். எல்லாம் சரியாகச் செய்தும் எண்ணிக்கை குறையவில்லை என்று அந்தத் தம்பி சொன்னது இதனால்தான். ரிசோர்ஸ் எப்போதும் சர்வர் ஃபைலில், ரிசோர்ஸ் லிங்க் மட்டும் கான்டெக்ஸ்டில்.

நான் லிங்கைப் பொதுக் கான்டெக்ஸ்டில் எழுதுவதில்லை. கான்ஃப் ஃபோல்டருக்குள் ‘கேட்டலினா’, அதற்குள் ‘லோக்கல்ஹோஸ்ட்’ ஃபோல்டரில் அப்ளிகேஷன் பெயரிலேயே தனித்தனி எக்ஸ்எம்எல் வைத்திருக்கிறேன். யார் எந்தப் பூலில் இருக்கிறார்கள் என்று ஃபோல்டரைப் பார்த்தாலே தெரியும். ஒரே ஒரு ஆபத்து உண்டு. டாம்கேட் ஓடிக்கொண்டிருக்கும்போது பழைய வார் ஃபைலை (அப்ளிகேஷனைக் கட்டிவைக்கும் ஃபைல்) அழித்துவிட்டுப் புதியதை வைத்தால், அழித்த கணத்திலேயே அந்த அப்ளிகேஷனை நீக்கிவிட்டதாக டாம்கேட் எடுத்துக்கொண்டு இந்த எக்ஸ்எம்எல்லையும் சேர்த்து அழித்துவிடும். பழையதன் மேலேயே புதியதை எழுதுங்கள், அப்போது தப்பிக்கும். எப்படியும் நகல் ஒன்றை வேறு இடத்தில் வைத்திருங்கள்.

அப்ளிகேஷன் கோடில் தேடும் பெயர் ‘ஜாவா’ முக்காற்புள்ளி ‘காம்ப்’ சாய்கோடு ‘என்வ்’ என்று தொடங்கி லிங்கின் பெயரில் முடியும். ஸ்பிரிங் பூட் அப்ளிகேஷனை வார் ஃபைலாக இதே டாம்கேட்டில் வைத்திருந்தால், டேட்டாசோர்ஸ் செட்டிங்கில் ‘ஜேஎன்டிஐ நேம்’ என்பதற்கு இந்த முழுப் பெயரைக் கொடுத்தால் போதும். கொடுக்காவிட்டால் அது பாட்டுக்குத் தன் ஹிகாரி பூலைத் தொடங்கி 10 கனெக்‌ஷனை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும்.

சர்வர் ஃபைலை மாற்றியதால் டாம்கேட்டை முழுசாக ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ‘கிளாஸ் வெற்று, யூஆர்எல் நல்’ என்ற பொருளில் ஒரு பிழை வந்தால் டேட்டாபேஸைச் சந்தேகிக்காதீர்கள். லிங்கின் பெயரும் அப்ளிகேஷனின் வெப் எக்ஸ்எம்எல்லில் இருக்கும் பெயரும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். நான் இதற்கு ஒரு முழு மாலை டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை வைப்பது

டாம்கேட்டோடு வரும் பூல் டிபிசிபி. அதில் உச்ச எண்ணிக்கைக்குப் பெயர் ‘மேக்ஸ் டோட்டல்’. எதுவும் எழுதாவிட்டால் 8. டாம்கேட் 7 வரை இதற்கு ‘மேக்ஸ் ஆக்டிவ்’ என்று பெயர், 8-இலிருந்து மாறிவிட்டது. இணையத்தில் கிடைக்கிற பாதி உதாரணங்கள் பழைய பெயரில்தான் இருக்கின்றன. அதை ஒட்டினால் லாக்கில் ஒரு எச்சரிக்கை வரி எழுதிவிட்டு, உங்கள் எண்ணைத் தூக்கிப்போட்டுவிட்டு 8-ஐ வைத்துக்கொள்ளும். நீங்கள் 60 என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இதில் கூடுதல் குழப்பம், டாம்கேட்டிலேயே ‘டாம்கேட் ஜேடிபிசி’ என்று இன்னொரு பூலும் உண்டு, ‘ஃபேக்டரி’ என்ற விவரத்தைக் கொடுத்து அதைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் இன்னும் மேக்ஸ் ஆக்டிவ்தான். எதில் இருக்கிறீர்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

எண்ணுக்கு ஒரு தொடக்கக் கணக்கு போஸ்ட்கிரெஸ் விக்கியில் இருக்கிறது: கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. எட்டு கோர், ஒரு வட்டு என்றால் 17. பதினேழா என்று எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு குவெரி 5 மில்லிசெகண்டில் முடிந்தால் ஒரு கனெக்‌ஷன் நொடிக்கு 200 குவெரி பார்க்கும். எங்களிடம் இப்போது எல்லாம் சேர்த்து 32. மீதியைப் பேக்கப்புக்கும், இரவு வேலைகளுக்கும், ஏதாவது எரியும்போது நான் உள்ளே நுழைவதற்கும் விட்டுவைத்திருக்கிறேன்.

மேக்ஸ் டோட்டலைவிட நான் முக்கியமாக நினைப்பது ‘மேக்ஸ் வெயிட் மில்லிஸ்’. பூல் காலியாக இருக்கும்போது எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற எண் இது. எழுதாவிட்டால் முடிவில்லாமல் காத்திருக்கும். தனிப் பூலில் அது ஒரு அப்ளிகேஷனின் தலைவலி. பகிர்ந்த பூலில், டாம்கேட்டின் 200 திரெட்களும் (கோரிக்கைகளைக் கவனிக்கும் வேலையாட்கள்) ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்று கல்லாகிவிடும், டேட்டாபேஸே தேவைப்படாத முகப்புப் பக்கம்கூடத் திறக்காது. நான் 5000 வைத்திருக்கிறேன், அதாவது ஐந்து நொடி. ஐந்து நொடியில் அண்டா கிடைக்கவில்லையா, பிழை காட்டிவிட்டு நகர்ந்துவிடு.

‘மேக்ஸ் ஐடில்’, ‘மின் ஐடில்’ பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். முறையே 8, 4 போல ஏதாவது வையுங்கள். மைஎஸ்க்யூஎல்காரர்களுக்கு மட்டும் ஒன்று: எட்டு மணி நேரம் சும்மா இருந்த கனெக்‌ஷனை அது தானே அறுத்துவிடும். காலையில் முதலில் வருகிறவருக்கு மட்டும் பிழை வருகிறதென்றால் இதுதான். எடுக்கும்போது சோதிக்கும் ‘டெஸ்ட் ஆன் பாரோ’ ட்ரூ என்று இருக்கட்டும்.

திருப்பித் தராதவர்கள்

கனெக்‌ஷனை எடுத்து, நடுவில் பிழை வந்து, மூடாமலே போய்விடுகிற கோட் எல்லா இடத்திலும் இருக்கிறது. தனிப் பூலில் இருந்தவரை அந்த அப்ளிகேஷன் மட்டும் சாகும், யாராவது அதை மட்டும் ரீஸ்டார்ட் செய்வார்கள், வாழ்க்கை போகும். பகிர்ந்ததும் அது எல்லோரையும் இழுத்துக்கொண்டு விழும். நாங்கள் மாற்றிய மூன்றாம் நாள் மாலை பூல் வற்றிவிட்டது. யார் எடுத்துப்போனது என்று நோட்டில் எழுதவில்லையே!

அந்த நோட்டுக்குப் பெயர் ‘லாக் அபாண்டன்ட்’. அதையும் ‘ரிமூவ் அபாண்டன்ட் ஆன் பாரோ’ என்பதையும் ட்ரூ ஆக்குங்கள். பூல் ஏறக்குறையத் தீர்ந்துபோகும் நிலையில் யாராவது கேட்டால், நெடுநேரமாகத் தொடாமல் கிடப்பதை டாம்கேட் பிடுங்கிக்கொடுக்கும். பிடுங்கும்போது அதை எடுத்த கோடின் தடத்தையும் லாக்கில் எழுதும். எவ்வளவு நேரம் என்பது ‘ரிமூவ் அபாண்டன்ட் டைம்அவுட்’, இயல்பாக 300 நொடி. உண்மையிலேயே பத்து நிமிடம் ஓடும் அறிக்கை ஏதும் இருந்தால் அதன் கையிலிருந்தும் பிடுங்கிவிடும், அதற்கேற்ப எண்ணைக் கூட்டுங்கள். எங்கள் குற்றவாளி வருகைப்பதிவு அப்ளிகேஷன். தடத்தில் கிளாஸ் பெயரும் வரி எண்ணும் இருந்ததால் சரிசெய்ய பத்து நிமிடம். ஜாவா 7-இலிருந்தே இருக்கும் ‘டிரை வித் ரிசோர்சஸ்’ பாணியில் எழுதினால் மூட மறப்பது என்ற பேச்சே இல்லை.

கழுவாத அண்டா

இதுதான் நான் அதிகம் பயப்படுவது, ஏனென்றால் இதில் பிழைச் செய்தியே வராது.

மாற்றிய ஒரு வாரத்தில் நூலகர் கூப்பிட்டார். “அபராதப் பட்டியல்ல ஒரு பையனுக்கு 3,200 ரூபா காட்டுதும்மா. அவன் எடுத்ததே ரெண்டு புஸ்தகம்.” பார்த்தால் அது அவனுடைய ஹாஸ்டல் மெஸ் பாக்கி. பக்கத்தைப் புதுப்பித்தால் சரியாகிவிட்டது. மறுபடி புதுப்பித்தால் மறுபடி மெஸ் பாக்கி.

நூலக ஸ்கீமாவிலும் ஹாஸ்டல் ஸ்கீமாவிலும் ‘டியூஸ்’ என்று ஒரே பெயரில் டேபிள் இருந்தது. நூலக அப்ளிகேஷன், தனக்கென்று தனிப் பயனர் இருந்த காலத்தில், அந்தப் பயனரின் இயல்பு ஸ்கீமாவை நம்பிப் பெயரை மட்டும் எழுதியிருந்தது. ஹாஸ்டல் அப்ளிகேஷனோ கனெக்‌ஷனை எடுத்ததும் ‘செட் சர்ச் பாத்’ கட்டளையால் தன் ஸ்கீமாவுக்கு மாற்றிக்கொள்ளும், திருப்பித் தரும்போது பழையபடி வைக்காது. அந்த அண்டா அடுத்து நூலகத்துக்குப் போனால் உள்ளே மெஸ் சாம்பார் ஒட்டிக்கொண்டிருக்கும். பூல் திரும்ப வாங்கும்போது முடிக்காத டிரான்சாக்‌ஷனை ரோல்பேக் செய்யும், அதாவது ரத்துசெய்யும், ஒவ்வொரு கட்டளையையும் உடனே பதியும் ஆட்டோ கமிட்டைப் பழையபடி வைக்கும். நீங்கள் எஸ்க்யூஎல்லில் நேரடியாகப் போட்ட செட் கட்டளைகளை அது அறியாது. சர்ச் பாத், டைம் ஜோன், தற்காலிக டேபிள், அட்வைசரி லாக் (அப்ளிகேஷன் தானே போடும் பூட்டு) எல்லாமே கனெக்‌ஷனோடு ஒட்டிக்கொண்டு அடுத்தவரிடம் போகும்.

தீர்வு சுவாரஸ்யமானதல்ல, உழைப்புதான். எல்லா அப்ளிகேஷனிலும் டேபிள் பெயருக்கு முன்னால் ஸ்கீமா பெயரைச் சேர்த்தோம். செட் கட்டளை தேவைப்பட்ட இடங்களில் டிரான்சாக்‌ஷனுக்குள் ‘செட் லோக்கல்’ என்று மாற்றினோம், அது டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் தானே போய்விடும். நீங்கள் பகிரும் முன்னாலேயே எல்லாக் கோடிலும் ‘செட்’ என்று தேடிப் பாருங்கள். நான் அப்புறம்தான் தேடினேன்.

ஒரே பயனரில் எல்லோரும் நுழைவதால் வரும் இன்னொரு நஷ்டம் அனுமதி. நூலக அப்ளிகேஷனில் ஒரு ஓட்டை இருந்தால் அதன் வழியே கட்டண டேபிளையும் தொட முடியும். டாம்கேட் ஜேடிபிசி பூலில் ஒரே பூலை வேறுவேறு பயனரோடு பகிர வழி உண்டு: பூலில் ‘ஆல்டர்னேட் யூசர்நேம் அலவ்ட்’, லிங்கில் ‘டேட்டாசோர்ஸ் லிங்க் ஃபேக்டரி’. பயனர் மாறும்போதெல்லாம் பழைய கனெக்‌ஷனை மூடிப் புதிதாகத் திறக்கும் என்பதால் கலந்து வரும் கூட்டத்தில் மெதுவாகும். நாங்கள் கட்டண அப்ளிகேஷனைப் பொதுவிலிருந்து வெளியே எடுத்துவிட்டோம். பணம் கைமாறும் இடத்தில் சிக்கனம் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அதை எடுக்க இன்னொரு காரணமும் இருந்தது. ஹாஸ்டல் அப்ளிகேஷன் டிரான்சாக்‌ஷனைத் திறந்து கனெக்‌ஷனைக் கையில் வைத்துக்கொண்டே, பாக்கி இருக்கிறதா என்று கட்டண அப்ளிகேஷனை எச்டிடிபி வழியாகக் கேட்கும். கட்டணத்துக்குப் பதில் சொல்ல அதே பூலிலிருந்து ஒரு கனெக்‌ஷன் வேண்டும். அறை ஒதுக்கீடு நாளில் ஒரே நேரத்தில் எல்லாக் கனெக்‌ஷனையும் ஹாஸ்டல் பிடித்துக்கொண்டு கட்டணத்தின் பதிலுக்குக் காத்திருந்தது, கட்டணம் கனெக்‌ஷனுக்குக் காத்திருந்தது. நீ முதலில் போ, நீ முதலில் போ என்று வாசலில் நிற்கிற கதை. ஐந்து நொடி வரம்பு வைத்திருந்ததால் தானே அவிழ்ந்தது. உங்கள் அப்ளிகேஷன்கள் ஒன்றையொன்று கூப்பிடுமானால், கூப்பிடும் முன் கனெக்‌ஷனைத் திருப்பித் தரச் செய்யுங்கள், முடியாவிட்டால் இருவரையும் ஒரே பூலில் வைக்காதீர்கள்.

ஆக, இப்போது எங்களிடம் மூன்று பூல்: ரிசல்டுக்கு 12, கட்டணத்துக்கு 6, மீதி ஐந்து அப்ளிகேஷனுக்குப் பொதுவாக 14. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுவதுதான் பகிர்வது என்று தொடங்கியவள் நான். வருடத்தில் இரண்டு நாள் மட்டும் ஊரே திரளும் ரிசல்ட் பக்கத்தைச் சின்னவர்களோடு ஒரே பந்தியில் உட்காரவைக்கக் கூடாது.

டாம்கேட்டுக்கு வெளியே இருந்தால்

அப்ளிகேஷன்கள் தனித்தனி பிராசஸ் என்றால், போஸ்ட்கிரெஸுக்கு முன்னால் பிஜிபவுன்சர் என்ற தனிப் பூல் மென்பொருளை நிற்கவையுங்கள். 6432 போர்ட்டில் நின்றுகொண்டு வருகிறவர்களை வாங்கி, உள்ளே குறைந்த கனெக்‌ஷனில் ஓட்டும். ஒன்று கவனிக்க வேண்டும்: அது பயனரும் டேட்டாபேஸும் சேர்ந்த ஜோடிக்கு ஒரு பூல் வைக்கும், ஒவ்வொன்றும் இயல்பாக 20 வரை. ஏழு பயனர் என்றால் மறுபடி 140! ‘மேக்ஸ் டிபி கனெக்‌ஷன்ஸ்’ என்ற எண்ணால் டேட்டாபேஸுக்கு மொத்த வரம்பு போடலாம். டிரான்சாக்‌ஷன் மோடில், அதாவது ஒவ்வொரு டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் கனெக்‌ஷனை அடுத்தவருக்குக் கொடுக்கும்படி வைத்தால் நிறையப் பேரைத் தாங்கும், ஆனால் மேலே சொன்ன கழுவாத அண்டா பிரச்சினை இரண்டு மடங்காகும். முன்கூட்டியே தயாரித்துவைக்கும் குவெரிகளான பிரிபேர்ட் ஸ்டேட்மென்ட்டுகள் அந்த மோடில் வேலை செய்யத் தொடங்கியது 2023-இல் வந்த 1.21 பதிப்பிலிருந்துதான். அதற்கு முந்தையது என்றால் ஜேடிபிசி யூஆர்எல்லில் ‘பிரிபேர் த்ரெஷோல்ட்’ பூஜ்யம் என்று சேர்த்துவிடுங்கள்.

நேற்று அந்தத் தம்பி மறுபடி கூப்பிட்டார். எல்லாவற்றையும் மாற்றிவிட்டாராம், மேக்ஸ் டோட்டல் 20. கூட்டம் போல லோடு கொடுத்துப் பார்த்தாராம்.

“ஆனா அக்கா, ஆக்டிவிட்டில எண்ணினா 21 வருது. திரும்பத் திரும்ப 21. அந்த ஒண்ணு எங்கேருந்து வருதுன்னே தெரியல.”

“எண்றதுக்கு எதுல உள்ள போனே?”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார்.